குழந்தைவேல் கார்டுக்கு ஸ்டாப்பேஜ் போட்ட கதை

நாமக்கல்லில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத ரகசியம் இந்த ஊரில் குறைவு. என் பெயர் ஆண்ட்ரூஸ். சேலத்துக்காரன். மனைவி மெர்லினுக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்ததால் பதினாறு வருஷத்துக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன். கோவிலில் ஃபாதரிடம் போய்ச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஜனங்கள் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றுகொண்டு என்னிடம் சொல்கிறார்கள். ஃபாதராவது நாலு ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்புவார். நான் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்புகிறேன்.

சொல்ல வந்தது குழந்தைவேல் அண்ணனைப் பற்றி. வயது ஐம்பத்தெட்டு. தினமும் காலை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டை, விபூதி, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் சகிதம் கடைக்கு வருவார். என் கடையில் மூன்று நாற்காலி. ஒன்று எனக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு, ஒன்று அவருக்கு. ஒரு மணி வரை உட்கார்ந்து என் பேப்பரைப் படித்துவிட்டு, என் டீயைக் குடித்துவிட்டு, என் வாடிக்கையாளர்களுக்கு இலவச ஆலோசனை சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார். பர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். பாதி பதில் பழைய சட்டமாக இருக்கும்.

"ஓனர், வண்டி எங்கீங்க இருக்குது?" என்று யாராவது கேட்பார்கள்.

"நிப்பாட்டியிருக்கறேனுங்க" என்பார்.

அந்த வண்டியை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. விற்பனைப் பத்திரத்தை டைப் அடித்தவன் நான். கேட்கிறவனுக்கும் அது தெரியும். அவன் ஒரு மரியாதைக்குக் கேட்கிறான், இவர் ஒரு மரியாதைக்குப் பொய் சொல்கிறார். நாமக்கல்லில் லாரி ஓனர் என்பது வேலை இல்லை, பட்டம். ரிட்டையர் ஆன டாக்டரை யாராவது டாக்டர் இல்லை என்று சொல்கிறார்களா?

அவருக்குச் சொந்த ஊர் ஜேடர்பாளையம் பக்கம். ஆற்றுத் தண்ணீர் பாய்கிற பூமி, வாழையும் கரும்பும் விளைகிற குடும்பம். பத்தாவதில் கணக்குப் பரீட்சையில் பதினொரு மார்க் வாங்கினார். அப்பா தோட்டத்தில் இறங்கச் சொன்னார். இவர் லாரியில் ஏறிவிட்டார். நாலு வருஷம் கிளீனர், பதினஞ்சு வருஷம் டிரைவர். அதன்பிறகு மனைவி அறிவுச்செல்வியின் நகைகளை அடகு வைத்து, பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றை வாங்கி, முன்னால் 'அங்காளம்மன் டிரான்ஸ்போர்ட்ஸ்' என்று எழுதினார். இருந்தது ஒரே வண்டி. எழுதியது பன்மையில். மிச்ச வண்டிகள் பின்னால் வருகின்றன என்று அர்த்தமாம். கடைசி வரை எதுவும் வரவில்லை.

ஆனால் அந்த ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு மகள் பிரவீனாவை இன்ஜினியரிங் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார், டவுனில் வீடு கட்டினார். அடகுபோன நகைகளையும் மீட்டுக் கொடுத்தார். அதில் ஒரு ஜோடி வளையல் மட்டும் எடை குறைந்து வந்தது என்று அறிவுச்செல்வி அக்கா இன்றைக்கும் சொல்வார். டிரைவர் வைத்தார், ஆனால் எந்த டிரைவரும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் ஓனரே உட்கார்ந்துகொண்டு கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்தால் எவன் நிற்பான்? கடைசியில் எப்போதும் ஸ்டியரிங் இவர் கைக்கே வந்துவிடும்.

கிரெடிட் கார்டு வந்தது இரண்டாயிரத்துப் பதினாலில். லாரி ஓனர்கள் கூட்டம் நடந்த மண்டபத்தில் ஒரு வங்கியிலிருந்து வந்து மேஜை போட்டிருந்தார்கள். வங்கியின் பெயர் வேண்டாம், வக்கீல் வைக்க எனக்கு வசதியில்லை. கார்டுக்குக் கையெழுத்துப் போட்டால் ஒரு டிராவல் பேக் இலவசம் என்றார்கள். இவர் பேக்குக்காகக் கையெழுத்துப் போட்டார். பேக் ஒன்பது வருஷம் உழைத்துக் கிழிந்தது. கார்டு ஒரு நாள்கூட உழைக்கவில்லை.

"கையில காசில்லாமச் சாப்புட்டுப்போட்டு வாரதுக்கு நான் என்ன மந்திரியா" என்று கேட்டார் ஒருமுறை.

பயன்படுத்தவில்லையே தவிர, தூக்கிப் போடவும் இல்லை. தேதி முடிந்தால் வங்கி புதுக் கார்டு அனுப்பும். அதையும் வாங்கி வைப்பார். காரணம், அது தொழில் நடத்துகிறவர்களுக்கான கார்டு. அவர் பெயருக்குக் கீழே 'அங்காளம்மன் டிரான்ஸ்போர்ட்ஸ்' என்றும் அச்சடித்திருக்கும். லாரி இருந்தவரை அந்தப் பெயர் லாரியில் இருந்தது. லாரியை வாங்கினவன் ஒரே நாளில் பெயின்ட் அடித்து அழித்துவிட்டான். அதற்குப் பிறகு உலகத்தில் அந்தப் பெயர் மிச்சமிருந்தது அந்தக் கார்டில் மட்டும்தான்.

வண்டியை ஏன் விற்றார் என்றால், மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வரும்போது கர்நாடகாவில் தாவணகெரே பக்கத்தில் நெஞ்சு வலித்தது. வேறு மனுஷனாக இருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான். இவர் லோடு லாரியை ஓட்டிக்கொண்டே ஊருக்குள் போய், ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அவசரப் பிரிவுக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே இசிஜி எடுக்கிறார்கள், வெளியே வாட்ச்மேன் லாரியை எடுக்கச் சொல்லிக் கத்துகிறார். சாவியைத் தருமாறு நர்ஸ் கேட்டதற்கு, "ஏர் பிரேக்குங்க, உங்களுக்கு வராது" என்று தமிழிலேயே சொன்னாராம். ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இனி கனரக வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் வண்டி நின்றது. பிறகு விற்றார்.

விற்றார் என்று நான் சொல்கிறேன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். வங்கியிலிருந்து வந்த கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார். அந்த வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்துவிட்டதாம். இதுவரை இலவசமாக இருந்த கார்டுக்கு இனி வருஷம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கட்டணமாம். வேண்டாம் என்றால் கார்டை மூடிக்கொள்ளலாமாம்.

"மூடிருங்கண்ணா. பத்து வருஷமா தொடாத கார்டு" என்றேன்.

"மூடறதெதுக்கு தம்பி. ஒரு ஸ்டாப்பேஜ் எழுதிப் போட்ரு."

இதை விளக்க வேண்டும். லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். லோடு இல்லை, இல்லையென்றால் இன்ஜின் வேலை என்று வண்டி மாதக்கணக்கில் நிற்கிறதென்றால், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வண்டி இந்த இடத்தில் நிற்கிறது, ஓட்டமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார். சொன்ன இடத்தில் வண்டி இருந்தால் வரி கிடையாது. இதற்குப் பெயர் ஸ்டாப்பேஜ். லாரிக்காரர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

"அண்ணா, அது லாரிக்கு. பேங்குல அப்படியொரு பழக்கம் கிடையாது."

"ஓடாத வண்டிக்கு கவர்மென்டே வரி கேக்கறதில்ல. ஓடாத கார்டுக்கு இவன் எப்பிடிக் கேப்பான்? நீ எழுது சாமி."

நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்குக் கடையில் கூட்டம் வேறு இல்லை. என் புத்தியும் சேர்ந்து மேயப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஸ்டாப்பேஜ் மனு ஏற்கெனவே இருந்தது. 'வாகனம்' என்ற இடங்களில் 'கார்டு' என்று மாற்றினேன். பெறுநர், கிளை மேலாளர் அவர்கள். மேற்படி கார்டானது இன்று முதல் மறு அறிவிப்பு வரை எனது இல்லத்தில், படுக்கையறை பீரோவின் இரண்டாவது தட்டில், இயக்கமின்றி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அதிகாரிகள் எந்நேரமும் வந்து பார்வையிடலாம். இயக்கப்படாத காலத்துக்குக் கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். எட்டாவது நாள் ஒப்புகை அட்டை வங்கியின் ரப்பர் ஸ்டாம்போடு திரும்பி வந்தது. அங்கே தபால் வாங்குகிற யாரோ ஒரு புண்ணியவான் பழக்கத்தில் குத்தியிருப்பான். இவருக்கு அது போதும். சீல் விழுந்துவிட்டால் மனு ஏற்கப்பட்டது, அவ்வளவுதான். அட்டையை ஃபைலில் போட்டு மூடினார்.

அன்று முதல் கார்டு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பீரோவைச் சுத்தம் செய்யவேண்டும் என்று அக்கா கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தபோது வீட்டில் பெரிய சண்டை. சொன்ன இடத்தில் வண்டி இல்லாவிட்டால் ஸ்டாப்பேஜ் செல்லாது அல்லவா? பிரவீனாவைப் பார்க்க ஒரு வாரம் கோயம்புத்தூர் போனார்கள். வங்கிக்காரர்கள் சோதனைக்கு வந்தால் கதவைத் திறந்து காட்டச் சொல்லி எதிர்வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போனார். பீரோ சாவியையும் சேர்த்து. உள்ளே அக்காவின் நகையெல்லாம் இருந்தது. அந்த விஷயம் அக்காவுக்கு அவிநாசி தாண்டின பிறகுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து போன் வர ஆரம்பித்தது. கட்டணம் பாக்கி, அதற்கு அபராதம், அபராதத்துக்கு வரி. கூப்பிட்டது பெரும்பாலும் பதிவு செய்த குரல், அதுவும் ஹிந்தியில். முப்பத்தஞ்சு வருஷம் வடக்கே வண்டி ஓட்டினவர் ஆயிற்றே, ஹிந்தியைக் கேட்டதும் குஷியாகிவிட்டார். பதிவான குரலிடம் ஸ்டாப்பேஜ் விவரத்தையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்வார். அது தன்பாட்டுக்குப் பேசிவிட்டு வைத்துவிடும்.

"பேச விடாம வெச்சுப்போடறா தம்பி. பொறுமையில்லாத பொண்ணு" என்றார்.

நான் சிரித்தேன். இந்தக் கதையில் நான் சிரித்த கடைசி நாள் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மறுநாள் அறிவுச்செல்வி அக்கா கடைக்கு வந்தார். அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் பார்த்து வந்திருந்தார். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். அதை எடுப்பதற்காக வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏனுங்க தம்பி, அந்தக் கார்டை மூட முடியாதுங்களா?"

"முடியுங்கக்கா. பாக்கியைக் கட்டிட்டு ஒரு போன் பண்ணினா போதும். அண்ணன்தான் ஒத்துக்கமாட்டேங்கறாரு."

"போன வாரம் உங்க கடைக்குன்னு சொல்லிப்போட்டு எங்க போனாருன்னு தெரியுங்களா? சங்ககிரிக்கு. பழைய வண்டி ஒண்ணு விலைக்கு நிக்குதாமா. தங்கமுத்துதான் கூட்டிட்டுப் போயிருக்கறான்."

தங்கமுத்து லாரிகளுக்குக் கடன் வாங்கித் தரும் புரோக்கர். கடன் வேண்டாம் என்று சொல்கிறவனுக்கும் வாங்கித் தந்துவிடுவான், அவ்வளவு நல்லவன். அக்கா சொன்னதன் சாரம் இது. கடன் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் ஒரு மனுஷனுக்கு மார்க் போட்டு வைத்திருப்பார்களாம். பழைய கார்டு ஒன்று ஒழுங்காக இருந்தால் மார்க் ஏறுமாம். மூடினால் இறங்குமாம். அதனால் கார்டை மூடாதீர்கள், பாக்கியைக் கட்டிவிட்டு ஒரு வருஷம் வைத்திருங்கள், அடுத்த தைக்குள் கடன் போட்டு வண்டி எடுத்துவிடலாம் என்று தங்கமுத்து சொல்லியிருக்கிறான். ஸ்டாப்பேஜ் என்று கட்டணம் கட்டாமல் விட்டதில் மார்க் ஏற்கெனவே சரிந்துவிட்டதாம். பத்தாவது கணக்குப் பரீட்சையிலிருந்து மார்க் விஷயத்தில் அண்ணனுக்கு ராசியில்லை.

"வண்டி வாங்கினா டிரைவர் வெப்பாரு, நாலு மாசத்துல அவனும் ஓடிப்போயிருவான். அப்புறம் இவரே ஏறி உக்காந்துக்குவாரு. எனக்குத் தெரியாதுங்களா?" அக்கா ஆதாரை வாங்கி மடித்த கைக்குட்டைக்குள் வைத்தார். "தாவணகெரேயில இருந்து போன் வந்த அன்னைக்கு பஸ்ஸுல போனனுங்க தம்பி. ஒரு பொழுது முழுக்க. உசுரோட இருக்கறாரா இல்லியான்னு தெரியாமயே போனேன். இன்னொருக்கா என்னால அப்பிடிப் போக முடியாது. அந்தக் கார்டை மூடிப்போட்டாருன்னா இந்த மனுசன் மறுக்கா வண்டி வாங்கமாட்டாருன்னு நான் நம்பிக்குவேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேடிக்கைக்கு 'வாகனம்' என்பதைக் 'கார்டு' என்று மாற்றி அடித்தவன் நான். ஒரு மனுஷனின் நெஞ்சு வலியோடு விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமல் மூன்று மாதம் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை. அது ஒரு பரிகாரமா என்று கேட்டால், இல்லைதான்.

மறுநாள் அண்ணனிடம் நேரடியாகவே பேசினேன். ஸ்டாப்பேஜ் என்று ஒன்று வங்கியில் கிடையாது, நான் எழுதிக் கொடுத்தது முட்டாள்தனம், சோதனைக்கு யாரும் வரப்போவதில்லை என்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஒருத்தனும் வரமாட்டானா?"

"வரமாட்டாங்கண்ணா."

"அப்ப கார்டு அங்க இருக்குதா இல்லியான்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. அவங்களுக்கு அது தேவையுமில்லை."

அதுதான் அவருக்குப் பெரிய அடி. அவர் பார்த்த உலகத்தில், ஒன்று நிற்கிறது என்றால் யாராவது ஒருவர் வந்து பார்ப்பார். டயரைத் தட்டுவார், மீட்டரைக் குறித்துக்கொள்வார், இரண்டு வார்த்தை பேசுவார், ஒரு டீயாவது குடிப்பார். முப்பத்தஞ்சு வருஷ ஓட்டம் நின்றுபோனதைப் பார்க்க ஒரு ஆளும் வரவில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

"பாக்கியக் கட்டிப்போடறேன். மூடறத அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, டீ வருவதற்கு முன்பே எழுந்து போனார்.

பாக்கியைக் கட்டினார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நானும் மெர்லினும் பூசை முடிந்து வரும்போது அக்காவிடமிருந்து போன். வங்கிக்குப் பேசச் சம்மதித்துவிட்டார், நீங்கள் வந்து நம்பர் போட்டுக் கொடுங்கள் என்றார். மெர்லினை வீட்டில் இறக்கிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். கார்டு டீப்பாயின்மேல் இருந்தது. பீரோவைவிட்டு வெளியே வந்திருக்கிறதே, நல்ல சகுனம் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு தாளில் தங்கமுத்துவின் கையெழுத்தில் வண்டி விலையும் மாதத் தவணையும் எழுதியிருந்தது. அது நல்ல சகுனமாகத் தெரியவில்லை.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்கண்ணா?"

"பேசிப் பாக்கறேன். அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுப்போட்டு முடிவு பண்ணலாம்."

அக்கா சமையலறைக் கதவருகே வந்து நின்றார்.

தமிழுக்கு மூன்றை அழுத்தி, கார்டு நம்பரை அடித்து, பிறந்த தேதியை அடித்து, பதினெட்டு நிமிஷம் பாட்டுக் கேட்டோம். ஒரு பெண் வந்தாள். பெயர் சௌந்தர்யா என்றாள். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். குரலைக் கேட்டால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும்.

"சொல்லுங்க சார், எந்தக் காரணத்துக்காகக் கார்டை குளோஸ் பண்ண விரும்புறீங்க?"

"உபயோகமில்லீங்க. சும்மா கெடக்குது."

"புரியுது சார். ஆனா நீங்க பத்து வருஷத்துக்கு மேல எங்களோட மதிப்புமிக்க வாடிக்கையாளர். உங்களுக்காக ஒரு சலுகை இருக்கு. கட்டின ஃபீஸ், அபராதம் ரெண்டையும் முழுசா திருப்பிக் கொடுத்துடறோம். இனிமே வாழ்நாள் முழுக்க கட்டணமே கிடையாது. லிமிட்டையும் நாலு லட்சமா உயர்த்தித் தர்றோம். கார்டை அப்படியே வெச்சுக்கலாம் சார்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். காசும் கட்ட வேண்டாம், கார்டும் இருக்கும், பெயரும் இருக்கும், தங்கமுத்து கேட்ட மார்க்கும் ஏறும். இதற்குமேல் ஒருவன் எந்த முகத்தோடு மூடச் சொல்வது? அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அந்த சௌந்தர்யாவின் போன் கட்டாகிவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கட்டாகவில்லை. நல்ல டவர்.

"அதுக்கு நான் என்ன பண்ணோணும்?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமே பண்ண வேண்டாம் சார். இது பிசினஸ் கார்டு. அதனால ஒரே ஒரு உறுதி மட்டும் வாங்கணும். அங்காளம்மன் டிரான்ஸ்போர்ட்ஸ் இப்பவும் நடந்துட்டு இருக்குதுதானே சார்? ஆமான்னு சொன்னீங்கன்னா போதும், நான் இப்பவே பதிவு பண்ணிடறேன்."

இரண்டு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த பொய். டீக்கடையில், என் கடையில், கல்யாண வீடுகளில், ஒரு நாளைக்கு நாலு தடவை ஓசியில் சொன்ன பொய். இப்போது அதற்கு விலையும் கொடுக்கிறார்கள். 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை.

அவர் கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாயால் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வார். வேகத்தில் பொய், மைலேஜில் பொய், ஹைதராபாத்தில் சாப்பிட்ட பிரியாணியின் விலையில் பொய். ஆனால் பதிவாகிற இடத்தில் பொய் சொன்னதே இல்லை. அவருடைய ஃபைலை பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் எடுக்கிறவன் நான். லோடு எடை, வண்டி நின்ற இடம், போன தேதி எதிலும் ஒரு எழுத்துப் பிசகு கிடையாது. நிற்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை ராத்திரியில் ஓட்டுகிறவர்களை அவர் மனுஷ ஜாதியிலேயே சேர்க்கமாட்டார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறேன் சாமி" என்றார். "இல்லீங்க. நடக்கலீங்க."

"தற்காலிகமா நிறுத்தியிருக்கீங்களா சார்? அப்படின்னாலும் பரவாயில்லை. நடக்குதுன்னே போட்டுக்கலாம்."

"நிறுத்தலீங்க. வித்துட்டேன்." கார்டை டீப்பாயில் வைத்தார். "வண்டிய வித்துட்டேனுங்க. ரெண்டு வருசமாச்சு. நெஞ்சுல கொளாறு. டிரான்ஸ்போர்ட்டுன்னு ஒண்ணு இல்லீங்க இப்போ. மூடிருங்க."

எதிர்முனையில் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க சார். உங்க கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. ஏழு வேலை நாட்கள்ல கார்டு குளோஸ் ஆயிடும். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"நீ கேட்டதே போதுஞ் சாமி. நல்லா இரு."

இந்தச் சேவையை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடச் சொல்லி ஒரு குரல் வந்தது. அண்ணன் அதற்கும் பொறுமையாக ஐந்தை அழுத்தினார். நான் போனை வைத்தேன்.

அக்கா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவருகே நின்று அழுதுகொண்டிருந்தார். பிறகு கோபம் வந்துவிட்டது.

"வித்துட்டேன்னு இந்த மனுசன் வாயில இருந்து இன்னைக்குத்தானுங்க தம்பி கேக்கறேன். பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டவ நானு. எங்கிட்ட ஒருக்காச் சொல்லல. கூட உக்காந்து ஒருக்கா அழுவுல. முகம் தெரியாத புள்ளைகிட்டச் சொல்றாரு. அதுக்கு அஞ்சு மார்க்கு வேற."

"நீ கேக்கவே இல்லியே" என்றார் அண்ணன்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"நிப்பாட்டியிருக்கறேன்னுதான் சொல்லியிருப்பேன்."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பாத்திரங்கள் சத்தமாக உருண்டன. பிறகு சத்தம் குறைந்து, காபி வந்தது. மூன்று டம்ளர். அண்ணனுக்கு முன்னால் டம்ளரை வைத்துவிட்டு, அதே சோபாவில் அவர் பக்கத்தில் அக்கா உட்கார்ந்தார். இந்தப் பதினாறு வருஷத்தில் நான் இருக்கும்போது அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. தங்கமுத்துவின் தாளை அக்கா எடுத்து நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தார்.

கிளம்பினேன். அண்ணன் கேட் வரை கூடவே வந்தார். நான் வண்டியைக் கிளப்பியதும் ஹேண்டில்பாரில் கை வைத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று இன்ஜினை அணைத்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நாளைக்குக் கடைக்கு வாரட்டுமா? வேலைன்னு ஒண்ணுமில்ல எனக்கு. சும்மாதான்."

சத்தியமாக என் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி வாய்தான்.

"இத்தனை நாளும் வேலையா இருந்ததுன்னு யாரு சொன்னது? வர்றப்ப பேப்பரை நீங்களே வாங்கிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். நான் இன்னும் ஷட்டரைக்கூடத் தூக்கியிருக்கவில்லை.